படமும் பெயரும்: கொச்சிப் புறநகர்களின் ஒளிப்படப் பதிவில் மொழியின் இடம்

தாம் வாழும் பகுதியைத் தாமே படமெடுத்து அதன் வரலாற்றைப் பதிவு செய்ய முற்படுவோர் பெரும்பாலும் எதைப் படமெடுப்பது என்பதைப் பற்றியே கவலை கொள்கின்றனர். எடுத்த படத்தின் கீழ் என்ன எழுதுவது என்பது பிறகு பார்த்துக்கொள்ளக்கூடிய சிறு செயலாக அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் ஒரு படம் வரலாற்றுச் சான்றாக நிற்பதும் வெறும் பழங்காட்சியாகக் கழிவதும் அக்குறிப்பைப் பொறுத்தே அமைகின்றன. படத்தில் ஒரு தெருவைக் காணலாம்; அத்தெருவை அங்கு வாழ்ந்தோர் எப்பெயரால் அழைத்தனர் என்பதைக் காண இயலாது. பெயரைத் தருவது மொழி. ஒரே தெருவுக்குப் பல மொழியினர் பல பெயர் வழங்கும் ஊரில், எந்தப் பெயர் படத்தின் கீழ் ஏறுகிறதோ அப்பெயருக்கு உரியவரின் வரலாறே நிலைபெறுகிறது. கொச்சியின் மேற்கு விளிம்பிலுள்ள மட்டாஞ்சேரியையும் கிழக்கு விளிம்பிலுள்ள காக்கநாட்டையும் கொண்டு இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

குறிப்புச் சீட்டின் வரலாறு

சொந்த ஊரைப் படமெடுத்து வைக்கும் வழக்கம் முறையான இயக்கமாக உருவானது இங்கிலாந்தில் எனலாம். 1875-இல் இலண்டனில் ஆக்ஸ்போர்டு ஆர்ம்ஸ் என்னும் பழைய சத்திரம் இடிபடவிருந்தபோது அதைப் படமெடுத்து வைப்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. அச்சங்கம் 1886 வரை பழைய இலண்டனின் எஞ்சிய கட்டடங்களைப் பதிவு செய்தது. 1897-இல் சர் பெஞ்சமின் ஸ்டோன் நிறுவிய தேசிய ஒளிப்படப் பதிவுக் கழகம் நாடெங்கும் உள்ள பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளரைத் தத்தம் ஊரைப் படமெடுக்கத் தூண்டியது; சேர்ந்த படங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன.

இவற்றைக் காட்டிலும் மொழியியலாருக்குப் பயன்படுவது இலண்டனின் புறநகரான கிராய்டனில் நடந்த பணியே. 1902-இல் தொடங்கிய சரே மாவட்ட ஒளிப்படப் பதிவில் ஈடுபட்டிருந்த கோவர், ஜாஸ்ட், டாப்ளி ஆகிய மூவரும் 1916-இல் 'வரலாற்றாசிரியராகப் படக்கருவி' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கையேட்டை வெளியிட்டனர். மூவருள் ஜாஸ்ட் நூலகர். எனவே படமெடுக்கும் நுட்பத்திற்கு ஈடாகப் படத்திற்குச் சீட்டெழுதுதல், வகைப்படுத்துதல், தேடியெடுத்தல் ஆகியவற்றுக்கும் அக்கையேட்டில் இடம் தரப்பட்டது. இடம், நாள், எடுத்தவர் பெயர் முதலியன இல்லாத படம் பதிவாகாது என்பது அவர்கள் கொள்கை. எனினும் அவர்கள் ஊரில் வழங்கியது ஒரே மொழி. ஓர் இடத்திற்குப் பெயர் ஒன்றே என்று கொள்வதில் அவர்களுக்குத் தயக்கம் எழ வாய்ப்பில்லை.

தமிழகத்தின் தொடக்ககால ஒளிப்படங்களில் இத்தயக்கமின்மை எத்தகைய விளைவைத் தந்தது என்பதைக் காணலாம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதியில் ஹூல்ட்ஸ் அக்கல்வெட்டுகளைப் பதிப்பிக்கத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் பின்னர். எழுத்தைப் படமாக்கியதில் டிரைப் செய்தது பெரும்பணி. ஆனால் அவர்தம் மதுரைப் படங்களில் திருமலை நாயக்கர் 'டிரிமுல் நாயக்' ஆகிவிட்டார். மதுரை மக்கள் புது மண்டபம் என்று வழங்கும் கட்டடம் ஐரோப்பியர் குறிப்புகளில் 'டிரிமுல் நாயக்கின் சவுல்ட்ரி' எனப் பெயர் பெற்றது. இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் பட்டியல்களில் அப்படங்களைத் தேடும் ஒருவர் புது மண்டபம் என்று தேடினால் பயன் விளையாது. அயலார் செவியில் விழுந்த ஒலியைக் கொண்டே தேட வேண்டும்.

மாந்தரைப் படமெடுத்ததில் நிலைமை இன்னும் கடுமையானது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்', 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூல் ஆகியவற்றில் படத்தில் நிற்பவர் ஒரு சாதியின் மாதிரியாகவே பெரும்பாலும் நிறுத்தப்படுகிறார். பாலக்காட்டைச் சேர்ந்த அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சி நாட்டுச் சாதிகளைப் பற்றி 1909, 1912 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட இரு தொகுதிகளும் இவ்வழியில் வந்தவையே. அயலார் எழுதினால் பெயர் சிதையும், உள்ளூரார் எழுதினால் சிதையாது என்று எளிதாகக் கூறிவிட இயலாது என்பதற்கு இதுவே சான்று.

கோட்டைக்குப் புறத்தே ஒரு சேரி

மட்டாஞ்சேரி ஒரு காலத்தில் புறநகரே. ஐரோப்பியர் வாழ்ந்த கோட்டைக்கொச்சிக்கு வெளியே, கொச்சி அரசரின் ஆட்சியெல்லையில், வணிகரும் கைவினைஞரும் சுமைத்தொழிலாளரும் வாழ்ந்த பகுதி அது. 1967 நவம்பர் 1-இல் கொச்சி மாநகராட்சி அமையும் வரை கோட்டைக்கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகியன தனித்தனி நகராட்சிகள். சிலப்பதிகாரத்தில் ஒரு காதை 'புறஞ்சேரி இறுத்த காதை' எனப் பெயர் பெற்றிருத்தல் தமிழறிந்தார்க்குத் தெரிந்ததே. கோட்டை மதிலுக்குப் புறத்தேயுள்ள குடியிருப்பு என்னும் பொருளில் புறஞ்சேரி என்பது இன்று நாம் வழங்கும் புறநகர் என்ற ஆக்கச்சொல்லினும் பழமையானது, செறிவானது. ஆயினும் சேரி என்பதன் பொருள் தமிழில் சுருங்கிவிட்டமையால் அச்சொல்லை மீட்டெடுப்பது அரிது.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய இப்பகுதியில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கினி, தமிழ் ஆகியன வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. வருவோர் எடுக்கும் படங்களோ மூன்று நான்கு இடங்களைத் தாண்டுவதில்லை: யூதர் தொழுகைக்கூடத்தின் மணிக்கூண்டு, 'டச்சு அரண்மனை', சீனவலை, சலவைத்துறை. 2010-களின் பிற்பகுதியில் மலப்புறம் மாவட்டத்துக் கொண்டோட்டியைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் பிஜு இப்ராகிம் மட்டாஞ்சேரியின் பல்வேறு சமூகத்தினரை அவரவர் வாழ்விடத்திலும் வழிபாட்டிடத்திலும் படமெடுத்தது இவ்வழக்கத்திலிருந்து விலகிய முயற்சி. கட்டடத்தை விட்டு மனிதர்பால் நோக்கைத் திருப்பிய படங்கள் அவை. இத்தகைய படங்களுக்குக் குறிப்பெழுதும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரிடம் வந்து சேரும்போது எழும் இடர்ப்பாடுகளே ஈண்டு ஆராயத்தக்கன.

முதலில் அரண்மனையைக் கொள்வோம். 1555-ஐ ஒட்டிப் போர்த்துக்கேயர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த கட்டடம் அது. 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதைச் செப்பனிட்டனர். செப்பனிட்டவர் பெயரே நிலைத்துவிட்டது. கட்டியவர் பெயரும் வாழ்ந்தவர் பெயரும் 'டச்சு அரண்மனை' என்ற குறிப்பில் இல்லை. ஊரார் வழங்கும் மட்டாஞ்சேரிக் கொட்டாரம் என்பதை அப்படியே தமிழில் எழுதலாமா என்றால், தமிழில் கொட்டாரம் நெற்களஞ்சியத்தைக் குறிக்கும். மலையாளத்தில் அரசர் இல்லமாக உயர்ந்த சொல் தமிழில் களஞ்சியமாகவே நின்றுவிட்டது.

அதனை அடுத்துள்ள தொழுகைக்கூடத்தின் நிலை இதனினும் சுவையானது. 1568-இல் கட்டப்பட்ட அதற்குப் 'பரதேசி' என்பது அடைமொழி. வேற்று நாட்டிலிருந்து வந்தோர் என்பதே அதன் பொருள். ஐரோப்பா, மேற்காசியா ஆகிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய யூதரைக் கொச்சியின் பழைய யூதரிடமிருந்து பிரித்துக் காட்டிய சொல் அது. மலையாளத்தில் யூதர் கோயிலும் கிறித்தவர் கோயிலும் பள்ளி என்றே வழங்கும். ஆகவே 'பரதேசிப் பள்ளி' என்பதைத் தமிழர் ஒருவர் எழுத்துப்படி கொள்வாராயின் பிச்சைக்காரர் பயிலும் கல்விக்கூடம் என்றே கருத நேரும். பள்ளி என்பது தமிழிலும் முன்னர்ச் சமண பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்ததும், இன்றும் பள்ளிவாசல் என்ற தொடரில் வழிபாட்டுப் பொருளைக் காத்து நிற்பதும் உண்மையே. எனினும் படக்குறிப்பில் விளக்கவுரை எழுத இடமில்லை. தமிழ் விவிலியம் பயின்றோர் ஜெபஆலயம் என்பர். அது பொருளைத் தெளிவாக்கும். ஆனால் ஊரின் வாய்மொழியிலிருந்து படத்தைப் பிரித்துவிடும்.

இத்தொழுகைக்கூடத்தின் மணிக்கூண்டு பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுப்பப்பட்டது. அதன் முகப்புகளில் எபிரேய எழுத்துகளும் உரோம எண்களும் மலையாள எண்களும் உள்ளன. மூன்று எண்முறைகளுக்கும் காலம் ஒன்றே. நிற்கும் திசைதான் வேறு. மணிக்கூண்டைப் படமெடுப்போர் எந்தத் திசையிலிருந்து எடுத்தனர் என்பதைக் குறிப்பில் எழுதாவிடின் எந்த மொழியின் முகம் படத்தில் உள்ளது என்பதும் மறைந்துவிடும்.

கொச்சியின் பழைய யூதர் கட்டிய கடவும்பாகம் தொழுகைக்கூடமும் மட்டாஞ்சேரியில்தான் உள்ளது. கடவு என்பது படகு அணையும் துறை; பாகம் என்பது பக்கம். தெற்குப் பக்கத்தது தெக்கும்பாகம். எபிரேயப் பெயரோ சமயப் பெயரோ அன்று; படகில் வந்து இறங்குவோர் வழிகேட்கும்போது சொல்லப்படும் பெயர். 1950-களில் இம்மக்கள் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். மரவேலைப்பாடு மிக்க அதன் உட்புறம் 1990-களில் எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. மட்டாஞ்சேரியில் எஞ்சிய கட்டடத்தின் ஒரு பகுதி 2019 செப்டம்பரில் மழையால் இடிந்து விழுந்தது. துறையும் இல்லாத, படகும் வாராத எருசலேமில் 'கடவும்பாகம்' என்ற பெயர் மட்டும் கொச்சிக் காயலின் ஒரு படித்துறையைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. அங்கு எடுக்கப்படும் படங்களுக்கு இப்பெயரின் பொருள் தரப்படாவிடில் அது ஒரு புரியாத ஒலியாகவே நிற்கும்.

யூதரின் மலையாளம் இன்று பேசுவோர் மிக அருகிய வழக்கு. யூதப் பெண்டிர் பாடிவந்த மலையாளப் பாடல்களை ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் தொகுத்து எபிரேய மொழிபெயர்ப்புடன் 2005-இல் வெளியிட்டனர். பாடல்கள் இவ்வாறு காக்கப்பட்டன. வீட்டின் பகுதிகளுக்கும் கலங்களுக்கும் உணவுகளுக்கும் அப்பெண்டிர் வழங்கிய சொற்களோ படங்களின் கீழ் எழுதப்பட்டிருக்க வேண்டியவை. 2019-இல் சாரா கோகனும் 2024-இல் குவீனி ஹலேகுவாவும் மறைந்தபின், யூதத்தெருவில் எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்பதற்கு அத்தெருவில் பிறந்து வளர்ந்த யூதமூதாட்டியர் இல்லை. படங்கள் பெருகியிருந்த காலத்திலேயே விடை தரக்கூடியோர் குறைந்து வந்தனர் என்பது வருந்தத்தக்கது.

மறைந்த பொருள்களுக்குப் பெயரே சான்றாக நிற்கும் இடங்களும் மட்டாஞ்சேரியில் உள. கூவப்பாடம் என்ற பகுதியைப் படமெடுத்தால் நெருக்கமான வீடுகளும் கடைகளுமே படத்தில் விழும். பாடம் என்பது மலையாளத்தில் வயல். கூவை ஒரு கிழங்கு. வயல் இருந்தமைக்குப் பெயரே சான்று. கப்பலண்டிமுக்கு என்ற சந்திப்பின் பெயரில் கப்பலைத் தேடுதல் வீண். கொச்சி வழக்கில் கப்பலண்டி என்பது வேர்க்கடலை. ஆனால் கப்பலில் வந்த அண்டி என்பதால் அச்சொல்லில் கடல்வாணிகம் ஒளிந்திருக்கிறது. மிளகு, சுக்கு முதலியன அடுக்கப்பட்ட கட்டடங்களை மலையாளத்தார் பாண்டிகசாலை என்பர். தமிழ்ப் பண்டகசாலையின் உடன்பிறப்பு அது. வருவோரின் படங்களில் அவை 'கோடவுன்' ஆகின்றன. கோடவுன் என்பதே திராவிடக் கிடங்கு என்ற சொல் கடல்கடந்து சென்று திரும்பிய வடிவம் என அறிஞர் பலர் கருதுவர். இங்கு அயற்பெயரைக் குறை கூறுவதும் அவ்வளவு எளிதன்று.

துறைமுகத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு சொல் தனித்து நிற்கிறது. வேலைக்கு வந்து நிற்கும் கூட்டத்தின்மீது உலோக வில்லைகள் எறியப்படும். முட்டிமோதி அதைப் பிடித்தவர்க்கே அன்றைய வேலை. அவ்வில்லைக்குச் சாப்பா என்று பெயர். அம்முறையை எதிர்த்து 1953-இல் நடந்த போராட்டத்தில், அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று காவல்துறையினர் மட்டாஞ்சேரியில் சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். 2023-இல் ராஜீவ் ரவி இயக்கத்தில் வெளிவந்த 'துறைமுகம்' என்னும் மலையாளத் திரைப்படம் இதைப் பற்றியதே. இந்துஸ்தானியில் சாப் என்பது முத்திரை. போர்த்துக்கேயத்தில் சாப்பா என்பது உலோகத் தகடு. எவ்வழி வந்ததாயினும், அவ்வில்லையைப் படமெடுத்து 'பழைய உலோக நாணயம்' என்று குறிப்பெழுதினால் பிழை வெறும் சொற்பிழை அன்று. அடையாள வில்லை என்ற மொழிபெயர்ப்பும் போதாது. சாப்பா என்றே எழுதி, 'எறிந்து தரப்பட்டது' என்ற இரு சொற்களையேனும் சேர்த்தல் வேண்டும்.

தமிழ் பேசும் துறை

கோட்டைக்கொச்சியின் வெளிப் பகுதியிலுள்ள சலவைத்துறை தமிழாய்வாளர்க்கு நேரடியாக உரியது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழிவந்தவர் தாம் என்பது அங்குள்ள வண்ணார் சமூகத்தாரின் வாய்மொழி வரலாறு. 1976-இல் கொச்சி வளர்ச்சிக் குழுமம் அவர்களுக்குத் தொட்டிகளும் கற்களும் கூடிய ஒரு பொது இடத்தை அமைத்துத் தந்தது. வெள்ளைத்துணிகள் வரிசையாகக் காயும் அக்காட்சி கொச்சியில் மிகுதியாகப் படமெடுக்கப்படுவனவற்றுள் ஒன்று. படங்களின் கீழ் 'டோபிகானா' என்றே காணப்படுகிறது. இந்துஸ்தானிச் சொல்லும் பாரசீகச் சொல்லும் கூடிய அப்பெயரில் அங்கு வழங்கும் தமிழுக்கு இடமில்லை. தமிழில் வண்ணாந்துறை என்ற பெயர் உண்டு. ஆனால் சாதிப்பெயர் இழிவாகக் கருதப்படும் சூழலில் அதனைக் குறிப்பாக எழுதுவதா என்பது ஆய்வாளர் தாமே முடிவு செய்யத்தக்கதன்று. அத்தொழிலாளர் தம் இடத்தை எவ்வாறு அழைக்க விரும்புகின்றனரோ அதுவே எழுதப்படுதல் தகும்.

காயவைக்கும் கொடி அங்கு இருபுரியாக முறுக்கப்பட்டிருக்கும், துணியின் ஓரத்தைப் புரிகளுக்கிடையே செருகிவிடுவர், கவ்வி தேவையில்லை. படத்தைக் கூர்ந்து நோக்கினால் இது தெரியும். அச்செருகலுக்கு அவர்கள் வழங்கும் வினைச்சொல் படத்தில் தெரியாது. தமிழகத்தில் துணியின் ஓரத்தில் இடப்படும் வண்ணான் குறி ஒருவகை எழுத்துமுறை என்பதை மொழியியலார் போதிய அளவு கருதவில்லை. இன்னார் வீட்டுத் துணி என்பதைக் காட்டும் அக்குறியைப் படிக்க வல்லவர் அதனை இட்டவரும் அவர் குடும்பத்தாருமே. அதனை அண்மையில் நின்று படமெடுத்து, படித்துச் சொல்லச் செய்து, சொன்னதை அவர் சொன்ன ஒலியிலேயே எழுதி வைத்தல் ஒரு படக்குறிப்பு என்பதைக் கடந்து மொழிப்பதிவாகவே ஆகிவிடும்.

பெயர் ஒன்றே எஞ்சிய நாடு

மட்டாஞ்சேரியில் பெயர்கள் மிகுந்திருப்பது இடர். காயலைக் கடந்து கிழக்கே சென்றால் காக்கநாட்டில் நிலைமை வேறு. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த இடம் அது. 1984-இல் ஏற்றுமதி மண்டலமும் 2004-இல் இன்போபார்க் என்னும் கணினித்தொழில் வளாகமும் அங்கு வந்தன. 2010-இல் திருக்காக்கரை நகராட்சி உருவானபோது அதன் பகுதியாயிற்று. 2023 ஏப்ரலில் வைற்றிலையிலிருந்து நீர்வழிப் படகுப் போக்குவரத்து தொடங்கியது. இங்குப் படமெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். கண்ணாடிக் கட்டடங்களுக்கும் அடுக்ககங்களுக்கும் ஆங்கிலப் பெயர்களே. அவற்றைப் படமெடுத்தால் எந்த நகரத்தின் படமாகவும் கொள்ளலாம்.

ஆனால் ஊர்ப்பெயர் மட்டாஞ்சேரியைவிடப் பழமையானது. அண்மையிலுள்ள திருக்காக்கரை வாமனர் கோயில், நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஒன்பதாம் பத்தில் பாடிய திருக்காட்கரையே. கோயிலில் பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சேரர் ஆட்சிப்பிரிவுகளுள் காற்கரைநாடு ஒன்று. காற்கரை என்பது காக்கரையாகி, காக்கரநாடு என்பதில் ரகரம் கெட்டுக் காக்கநாடு ஆயிற்று என்பது ஏற்கத்தக்க விளக்கமே. தமிழில் இப்பெயரைப் படிப்போர் காக்கையையோ காத்தலையோ நினைப்பர்; இரண்டிற்கும் இதனோடு தொடர்பில்லை. ஆகவே காக்கநாடு என்னும் பெயர்ப்பலகை ஒன்றைப் படமெடுப்பதும் ஒரு கல்வெட்டின் கடைசி வரியைப் படமெடுப்பதை ஒத்ததே.

இன்போபார்க்கை ஒட்டிய பகுதிக்கு எடச்சிற என்று பெயர். மலையாளத்தில் சிற என்பது நீரைத் தடுக்கும் கரை, அதனால் தேங்கிய நீர்நிலை. தமிழிலும் சிறை அப்பொருளில் வழங்கியதே. தொல்காப்பியத்தில் கற்சிறை என்ற சொல் உண்டு. இன்று தமிழர்க்குச் சிறை என்றால் சிறைச்சாலையே. அப்பொருள் மாற்றத்தை அறியாத மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எடச்சிறையை எவ்வாறு எழுதுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கு மாலையில் பணிமுடிந்து வெளிவரும் இளைஞர் கூட்டத்தை, அவர்கள் ஏறும் பேருந்தை, சாலையோரத் தேநீர்க்கடையை ஒருவர் படமெடுக்கலாம். அப்படத்தில் கரை இராது, நீரும் இராது. பேருந்தின் நெற்றியில் மலையாள எழுத்தில் உள்ள 'சிற' என்னும் ஓரசையே இருக்கும்.